எந்த ஏர்வாடி?

ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் நாள் ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, புது பக்கெட்ல பெயின்ட்டால பேர் எழுதிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கை யார் கண்ணுலயும் படாம ஒளிச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க. கதவைக்கூடத் தட்டாம நாலு சீனியர்ஸ் உள்ள வருவாங்க. முதல் கேள்வி, 'பேரென்ன?' ரெண்டாவது கேள்வி, 'எந்த ஊரு?'

மத்தவங்களுக்கு ரெண்டாவது கேள்வி ரொம்ப ஈஸி. எனக்கு அதுதான் பிளஸ் டூ பிசிக்ஸ் பேப்பரைவிடக் கஷ்டமான கேள்வி.

மதுரையில ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். வருஷம் 2008. எங்க ஹாஸ்டல்ல சொந்தப் பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. ஒரே பேர்ல அஞ்சாறு பேர் இருந்ததால ஊர்ப் பேர்தான் பேர். சாத்தூர், காரைக்குடி, தேனி, மணப்பாறை... என் ரூம்மேட் போடிநாயக்கனூர்க்காரன். சுருக்கமா 'போடி'. கேன்டீன்ல பொண்ணுங்க கூட்டமா நிக்கற நேரம் பார்த்து தூரத்துல இருந்து 'போடீ'ன்னு கத்துவோம். நாலு பொண்ணுங்க முறைச்சுத் திரும்பும். அவன் தலையில அடிச்சுக்குவான்.

இப்போ என் கணக்கைப் பாருங்க. என் ஊர் ஏர்வாடி. அதைச் சொன்னா நாலு வருஷத்துக்கு என் பேரே 'ஏர்வாடி'. தமிழ்நாட்டுல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? யாராவது கொஞ்சம் வித்தியாசமாப் பேசினா 'ஏர்வாடிக்கு டிக்கெட் போடு'ங்கறது நம்ம ஊர் தேசிய ஜோக் ஆச்சே. (கீழ்ப்பாக்கம்காரங்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஆனா அங்க மெடிக்கல் காலேஜும் பெரிய பெரிய பங்களாவும் இருக்கு. சமாளிச்சுடுவாங்க.)

தயங்கித் தயங்கி 'ஏர்வாடிண்ணே'ன்னேன். ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் ஒரு சீனியர் கேட்டார்: "எந்த ஏர்வாடி?"

கடவுளாப் பார்த்துக் கொடுத்த சான்ஸ்! தமிழ்நாட்டுல ரெண்டு ஏர்வாடி இருக்கு. ஒண்ணு திருநெல்வேலி மாவட்டத்துல, வள்ளியூர் பக்கத்துல. இன்னொண்ணு ராமநாதபுரம் மாவட்டத்துல, கீழக்கரையைத் தாண்டி, கடலோரத்துல இருக்கற தர்கா ஏர்வாடி. ஒரு செகண்ட்கூட யோசிக்கலை. "நெல்லை ஏர்வாடிண்ணே"ன்னுட்டேன்.

ஒரு பொய்யைக் காப்பாத்த எத்தனை பொய் வேணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 'ஏலே', 'என்னலே'ன்னு பேசப் பழகினேன். கடைசியில என் பேரே 'ஏலே'ன்னு ஆயிடுச்சு. லீவுக்கு ஊருக்குப் போறப்ப மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் பஸ் நிக்கற இடத்துல நின்னு பசங்களுக்கு டாட்டா காட்டிட்டு, அவங்க தலை மறைஞ்சதும் ராமநாதபுரம் பஸ்ஸுக்கு ஓடுவேன். இதையெல்லாம்கூட சமாளிச்சுட்டேன். அல்வாவைத்தான் சமாளிக்க முடியலை! நெல்லைக்காரன்னா திரும்பி வர்றப்ப அல்வா இல்லாம வரலாமா? மதுரையிலேயே ஒரு கடையில கால் கிலோ வாங்கி, கடை பேர் போட்ட டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, வாழையிலையில வெச்சுப் பழைய பேப்பர்ல சுத்திக் கொண்டு போவேன். மூணு வருஷம் நிஜமாவே எல்லாருக்கும் அல்வா கொடுத்தவன் நான்.

சிரிச்சுட்டீங்களா? நானும் அப்போ சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

நான் மறைச்ச ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். தர்காவுக்குப் போற ரோட்டுல எங்க அப்பா டீக்கடை வெச்சிருந்தார். சந்தனக்கூடு சமயத்துல ஊர் தாங்காது. மத்த நாள்லயும் வெளியூர்க்காரங்கதான் ஜாஸ்தி. நெத்தியில திருநீறோட வருவாங்க, கழுத்துல சிலுவையோட வருவாங்க, தொப்பியோட வருவாங்க. பாதிப்பேர் கூட ஒருத்தரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. தர்காவுல தீர்த்தமும் விளக்கெண்ணெயும் வாங்கிட்டு, கனவுல உத்தரவு வர்ற வரைக்கும் தங்குவாங்க. மாசக்கணக்கா, சில பேர் வருஷக்கணக்கா. அவங்க தங்கறதுக்குன்னு சுத்தி தனியார் காப்பகங்கள் நிறைய முளைச்சுது. கூட இருந்து பார்த்துக்க முடியாத குடும்பங்கள் பணம் கட்டிட்டு விட்டுட்டுப் போயிடுவாங்க.

'எப்படித்தான் பெத்த பிள்ளைக்குச் சங்கிலி போட மனசு வருதோ'ன்னு டி.வி. பார்த்துட்டு ஈஸியா சொல்லிடறோம். எங்க கடை பெஞ்சில உட்கார்ந்து டீயை ஆற விட்டுட்டு எங்கயோ பார்த்துக்கிட்டு இருந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கேன். மாசக்கணக்கா ராத்திரி தூங்காத கண்ணு அது. காட்டை வித்திருப்பாங்க, நகையை வித்திருப்பாங்க. மனநல டாக்டர்னு ஒருத்தர் இருக்கறதே பல பேருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அவர் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பார். சங்கிலியை நான் நியாயப்படுத்தலை. ஆனா அந்த அம்மாக்களைத் திட்டவும் என்னால முடியாது.

அப்போ ஒரு காப்பகத்துல இருந்து ஒரு அண்ணன் தினமும் சாயங்காலம் எங்க கடைக்கு வருவார். அவரை மட்டும் வெளிய விடுவாங்க. கணுக்காலைச் சுத்தி வளையம் மாதிரி கறுப்புத் தழும்பு. டீயைக் கையில வாங்கினதும் என்னைப் பார்த்து 'பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு'ம்பார். தப்பாச் சொன்னா மறுபடி முதல்ல இருந்து. பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் எனக்கு மனப்பாடம் ஆனது அவராலதான். எந்த ஊரு, என்ன படிச்சவர், எதுவும் தெரியாது. பேர்கூடக் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் 'வாய்ப்பாடு அண்ணன்'.

2001 ஆகஸ்ட் 6, திங்கள்கிழமை. நான் ஆறாம் வகுப்பு. விடியக்காலம் அஞ்சு மணி வாக்குல ஒரு காப்பகத்தோட கீற்றுக் கொட்டகையில தீப்பிடிச்சுது. அப்பா அப்பத்தான் கடை அடுப்பைப் பத்த வெச்சிருந்தார். யாரோ கத்திக்கிட்டு ஓட, அப்பா தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு ஓடினார். அம்மா என்னை வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. அதனால நான் எதையும் கண்ணால பார்க்கலை. 28 பேர் செத்துப் போனாங்க. ஓடித் தப்பிச்சிருக்கலாம். கால்ல சங்கிலி இருந்துச்சு.

அப்பா திரும்பி வந்தப்ப கையில குடம் இல்லை. எங்க போட்டாருன்னு அம்மா கேட்கலை. அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் அவர் பேசினதும் இல்லை.

அந்த வாரம் ஊர் முழுக்க போலீஸ், அதிகாரிங்க, கேமரா. எங்க கடையில அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, அந்த அளவுக்கு டீ ஓடினதே இல்லை. அப்பா கல்லாவை எண்ணவே இல்லை. அப்படியே அள்ளி அம்மாகிட்ட கொடுத்து 'அரிசி வாங்கிரு'ன்னு மட்டும் சொன்னார். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துட்டு உச்ச நீதிமன்றமே தானா முன்வந்து வழக்கா எடுத்துக்கிச்சு. ஆகஸ்ட் 13-ம் தேதி அந்த மாதிரி காப்பகங்கள் எல்லாத்தையும் மூடினாங்க. அங்க இருந்த 500-க்கும் மேற்பட்டவங்களை அரசாங்கம் தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு. வாய்ப்பாடு அண்ணனும் ஏதோ ஒரு வண்டியில போயிருப்பார். அதுக்கப்புறம் சாயங்காலம் கடைக்கு அவர் வரலை.

இந்த ஊரைத்தான் நான் வள்ளியூர்ப் பக்கம் தூக்கிட்டுப் போய் வெச்சேன். ஏன்னு பல தடவை யோசிச்சிருக்கேன். வெட்கம்னு சொன்னா சுலபமா முடிஞ்சிடும். ஆனா அது மட்டும் இல்லை. அந்த ஊரைப் பத்தி யாராவது ஜோக் அடிச்சா நான் சிரிக்கணுமா, சண்டை போடணுமான்னு எனக்கே தெரியலை. தெரியாத கேள்வியை சாய்ஸ்ல விட்டுட்டேன்.

இப்போ போடி கதைக்கு வர்றேன்.

மூணாவது வருஷம், 2010. ஆகஸ்ட், செப்டம்பர் இருக்கும். போடி கொஞ்சம் கொஞ்சமா மாறினான். முதல்ல காலையில கிளாஸுக்கு வரலை. அப்புறம் மத்தியானமும் வரலை. பகல்ல சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான், ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பாத்ரூம் போக எழுந்தா கட்டில்ல உட்கார்ந்திருப்பான். நாலு நாள் குளிக்க மாட்டான். மெஸ்ஸுக்கு இழுத்துட்டுப் போனா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத் தட்டைத் தள்ளிடுவான். எங்க ஆராய்ச்சிக் குழு உடனே கூடி ஒரு முடிவுக்கு வந்துச்சு: 'மச்சான் லவ்ல அவுட்டு!' பொண்ணு யாருன்னு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். ரெண்டடி தள்ளி அடுத்த கட்டில்ல படுத்திருந்த எனக்கே வேற எதுவும் தோணலை.

ஒருநாள் ராத்திரி மெஸ். அன்னிக்கு புரோட்டா. புரோட்டா நாள்ல மெஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். போடி தட்டை வெறிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தான். சாத்தூர், 'என்னடா ஆச்சு இவனுக்கு'ன்னான். நான் சொன்னேன், நல்லா சத்தமாவே சொன்னேன்: "இவனைக் கொண்டு போய் ஏர்வாடியில கட்டிப் போட்டுருவோம்லே. எங்க ஏர்வாடி இல்லை, அந்த ஏர்வாடி!"

டேபிளே அதிர்ந்துச்சு. எல்லாரையும்விட சத்தமா சிரிச்சது நான்தான். ஏன் நான்தான் சொல்லணும்? எவன் சத்தமா அந்த ஜோக்கை அடிக்கறானோ, அவன் மேல யாருக்கும் சந்தேகம் வராது இல்லையா. போடியும் சிரிச்சான். அது நல்லா ஞாபகம் இருக்கு.

பத்து, பன்னிரண்டு நாள் கழிச்சு ஒரு ராத்திரி. கரன்ட் போயிடுச்சு. ரெண்டு பேரும் இருட்டுல படுத்திருக்கோம். ரொம்ப நேரம் கழிச்சு அவன் கூப்பிட்டான்.

"ஏலே..."

"ம்..."

"உங்க ஊர்ல நெசமாவே சங்கிலி போட்டுத்தான் வெப்பாங்களாடா?"

"எங்க ஊர்ல ஏதுலே சங்கிலி? வயலும் வாழையும்தான்..." அந்த இருட்டுலயும் என் வாய் எவ்வளவு வேகமா பொய் சொல்லுச்சுன்னு பாருங்க.

"நான் கீழக்கரை பக்கத்து ஏர்வாடியைக் கேட்கறேன்."

எனக்குப் பேச்சே வரலை. அவனே சொன்னான்: "ஃபர்ஸ்ட் இயர்லயே தெரியும்டா. உன் வருமானச் சான்றிதழ் ஜெராக்ஸ் கீழ கிடந்துச்சு. மாவட்டம் ராமநாதபுரம்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?"

"நீயே சொல்லலை. நான் எதுக்குச் சொல்லணும்?"

ரெண்டு வருஷம்! நான் கொண்டு வந்த மதுரை அல்வாவை 'நெல்லை அல்வா நெல்லை அல்வாதான்டா'ன்னு எல்லார் முன்னாடியும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கான். எனக்காக.

அப்புறம் அவன் சொன்னதை இத்தனை வருஷம் கழிச்சும் வார்த்தை மாறாமச் சொல்ல முடியும். "உன்கிட்ட மட்டும் சொல்லலாம்னு நெனச்சேன்டா. நீ அந்த ஊர்க்காரன், உனக்குப் புரியும்னு. அன்னிக்கு மெஸ்ல நீ அப்படிச் சொன்னதும் விட்டுட்டேன்."

அவன் என் ரகசியத்தை ரெண்டு வருஷம் காப்பாத்தினான். அவன் ரகசியத்தைச் சொல்லக்கூட நான் இடம் கொடுக்கலை.

அன்னிக்கு விடியற வரைக்கும் பேசினோம். பேசினான்னு சொல்லணும். ரெண்டு மாசமா எதுலயும் மனசு ஒட்டலை, காரணமே இல்லாம அழுகை வருது, தூங்கி எழுந்திரிக்கவே வேணாம்னு தோணுதுன்னான். பொண்ணும் இல்லை, லவ்வும் இல்லை. வீட்டுல சொன்னா எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவாங்களோன்னு பயம். பயத்துக்குக் காரணம் வேற எங்கயும் இல்லை, எங்க ஜோக்லதான் இருந்துச்சு. 'மனசு சரியில்லை'ன்னு ஒருத்தன் சொன்னா அடுத்து சங்கிலிதான்னு தினம் மூணு வேளை சாப்பாட்டோட சொல்லிக் கொடுத்தது நாங்கதானே?

மறுநாள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கன்னு விசாரிக்கறதுக்குள்ள எனக்கே வேர்த்துடுச்சு. அங்க நான் என்னத்தை எதிர்பார்த்தேனோ தெரியலை. சினிமாவுல வர்ற மாதிரி ஏதோ இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு படம். ஏர்வாடிக்காரனுக்கே அப்படி ஒரு படம்! வரிசையில ஆபீஸுக்கு லேட்டாகுதுன்னு வாட்ச் பார்த்துக்கிட்டே ஒருத்தர், பேத்தியோட ஒரு பாட்டி, எங்க வயசுல ஒரு பொண்ணு, பக்கத்துல அவங்க அம்மா. பல் ஆஸ்பத்திரி வரிசை மாதிரிதான் இருந்துச்சு.

டாக்டர் கேட்டது எல்லாமே சாதாரணக் கேள்விங்க. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளா இப்படி. 'உயிரோட இருக்க வேணாம்னு நினைப்பு வருதா?'ன்னும் நேரடியாவே கேட்டாங்க. 'ஆமா'ன்னான். நான் பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன். மனச்சோர்வுன்னு சொன்னாங்க. மாத்திரை உடனே வேலை செய்யாது, ரெண்டு மூணு வாரம் ஆகும், கொஞ்சம் தெளிஞ்சதும் நீங்களா நிறுத்திடக் கூடாது, வீட்டுல இருந்து ஒருத்தரை அவசியம் கூட்டிட்டு வரணும். சங்கிலி பத்தி யாரும் பேசலை.

அவங்க அப்பா அடுத்த நாளே வந்துட்டார். போடியில ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதறவர். சட்டையில எல்லாம் ஏலக்காய் வாசம். டாக்டரைப் பார்த்துட்டு வெளிய வந்ததும் என்னை ஓரமா கூப்பிட்டு, "தம்பி, இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடலையே?"ன்னார். அவர் மேல எனக்குக் கோபம் வரலை. அந்தப் பயம் எனக்கு ரொம்பப் பழக்கமான பயம். ஆரப்பாளையத்துல போடி பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பொட்டலம் ஏலக்காயை என் கையில வெச்சு அழுத்திட்டுப் போனார்.

இதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கலை. அந்த செமஸ்டர்ல ரெண்டு அரியர். ஜனவரியில தெளிவா இருக்கேன்னு மாத்திரையை அவனா நிறுத்தினான். மார்ச்ல மறுபடி படுத்துட்டான், மறுபடி பெரியாஸ்பத்திரி. இன்னிக்கு வேலையில இருக்கான், குடும்பம் இருக்கு. சில நாள் நல்லா இருப்பான், சில நாள் சுமாரா இருப்பான். நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான் இருப்பீங்க. 'சுமார்' நாள்ல இப்ப அவன் போன் பண்ணிடுவான். அதான் வித்தியாசம்.

என் கதை என்னாச்சு? பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த வாரம் ஒரு காரியம் பண்ணினேன். லூசு, மெண்டல், கேஸு, சைக்கோ... இந்த வார்த்தைங்களை நான் எத்தனை தடவை சொல்றேன்னு சட்டைப்பை நோட்டுல கோடு போட்டுப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குள்ள 31 கோடு. அதுல எத்தனை தடவை போடி பக்கத்துல இருந்தான்னு எண்ண தைரியம் இல்லை. நீங்க சந்தேகப்பட்டா ஒரு நாள் போட்டுப் பாருங்க. உங்களை அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க அம்மா பாசமா கூப்பிடறதே 'லூசுப் பயலே'ன்னுதான், அதை நிறுத்தச் சொன்னா அடி விழும். ஆனா சொல்லிட்டுச் சிரிக்கும்போது டேபிளைச் சுத்தி ஒரு தடவை பார்க்கப் பழகிட்டேன். யாரோ ஒருத்தர் அரை செகண்ட் லேட்டா சிரிப்பாங்க. அது யாருன்னு தெரிஞ்சா, அப்புறமா தனியா ஒரு டீ.

பசங்ககிட்ட உண்மையையும் சொன்னேன். மெஸ்ல, அதே டேபிள்ல. மூணு வருஷ ரகசியம், பெரிய பூகம்பமே வெடிக்கும்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "நான் நெல்லை ஏர்வாடி இல்லைடா, தர்கா ஏர்வாடி"ன்னேன். சாத்தூர் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்போ அல்வா எங்கடா வாங்கின?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான்!

ரொம்ப வருஷம் கழிச்சு, வேலைக்குப் போன பிறகு, எங்க ஊர் மாதிரி உலகத்துல வேற எங்கயாவது இருக்கான்னு தேடிப் பார்த்தேன். இருக்கு. பெல்ஜியத்துல ஒரு ஊர். ஜி-இ-இ-எல்னு எழுதி 'ஹேல்'னு சொல்றாங்க. அங்கயும் ஒரு புனிதத் தலம்; டிம்ப்னாங்கற பெண் புனிதரோட ஆலயம். மனநோய் குணமாகணும்னு பல நூற்றாண்டுக்கு முன்னாடியே ஜனங்க அங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. ஆலயத்துல இடம் பத்தாம போனப்ப, ஊர்க்காரங்க தங்கள் வீட்டுலயே ஒரு ரூமைக் கொடுத்துத் தங்க வெச்சுக்கிட்டாங்க. அதுவே வழக்கமாயிடுச்சு. 1930-களோட கடைசியில அந்தச் சின்ன ஊர் வீடுகள்ல 3,700-க்கும் மேற்பட்டவங்க குடும்பத்துல ஒருத்தரா இருந்திருக்காங்க. இப்போ எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சுபோச்சு, ஆனா வழக்கம் நிக்கலை, டாக்டருங்க மேற்பார்வையில நடக்குது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் எது தெரியுமா? அந்த ஊரை வெச்சும் ஒரு ஜோக் இருக்கு: 'ஹேல்ல பாதிப்பேர் பைத்தியம், மீதிப்பேர் பாதிப் பைத்தியம்.' படிச்சதும் வாய்விட்டுச் சிரிச்சேன். சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு.

எங்க ஊரும் மாறியிருக்கு. 2017-ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடறதை எந்த வடிவத்துலயும் கூடாதுன்னு தடை பண்ணியிருக்கு. தர்காவுக்கு வர்றவங்களுக்குப் பிரார்த்தனையோட டாக்டரும் மாத்திரையும் கிடைக்கட்டும்னு அரசாங்கம் அங்கயே சிகிச்சை கொடுக்க ஆரம்பிச்சுது. 'துவா'வும் வேணும், 'தவா'வும் வேணும்னு சொல்வாங்க, பிரார்த்தனையும் மருந்தும். தீர்த்தம் வாங்கற கை மாத்திரையும் வாங்கிட்டுப் போறதுல எங்க ஊர்க்காரங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் எல்லாம் வெளிய இருந்து பேசறவங்களுக்குத்தான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிடறேன். 2015-16-ல நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல. பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அப்போ ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்துச்சு, பெரும்பாலானவங்க எந்த சிகிச்சையும் எடுக்கலைன்னு அதுல வந்துச்சு. உங்க ஹாஸ்டல் மெஸ் டேபிள்ல பத்துப் பேர் உட்காருவீங்களா? எங்க டேபிள்ல பத்துப் பேர். நானும் போடியும் 2010-ல யாரைக் கேட்கறதுன்னு தெரியாம முழிச்சோம். இப்போ 14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு. 2022-ல ஆரம்பிச்ச 'டெலி மானஸ்'. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். உங்களுக்காக இல்லைன்னாலும் போன்ல சேவ் பண்ணி வைங்க. நடுராத்திரி உங்க பக்கத்துக் கட்டில்ல இருந்து எவனாவது 'ஏலே'ன்னு கூப்பிடலாம்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். 2011 மே மாச லீவுல போடி எங்க ஊருக்கு வந்தான். மாட்டுத்தாவணியில முதல் தடவையா நேரா ராமநாதபுரம் பஸ்ல ஏறினேன். 'எந்த ஊருக்குத் தம்பி?'ன்னு பக்கத்து சீட்காரர் கேட்டார். 'ஏர்வாடி'ன்னேன். அவர் போடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு?"ன்னார். போடி சீரியஸா முகத்தை வெச்சுக்கிட்டு என்னைக் கை காட்டினான்.

வீட்டுல அம்மா மீன் குழம்பு வெச்சிருந்தாங்க. அவன் மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். தட்டைத் தள்ளாம அவன் சாப்பிட்டதை அம்மாவைவிட நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் அப்பா கடையில டீ. ஏலக்காய் டீ, வேற எது! அப்புறம் நடந்து போனோம். பனங்காட்டைத் தாண்டினதும் சட்டுனு கடல். அலை இல்லாம, குளம் மாதிரி. வள்ளம் ரெண்டு கரையில கிடந்துச்சு. போடி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு முட்டி வரைக்கும் இறங்கி நின்னான். மலையடிவாரத்து ஊர்க்காரன். ரொம்ப நேரம் அப்படியே நின்னான்.

திரும்பிப் பார்த்து, நிஜமான கோபத்தோட கத்தினான்.

"மூணு வருஷமா உங்க ஊர்ல கடல் இருக்குன்னு சொல்லவே இல்லையேடா!"